முதலில் புகையிலிருந்து தள்ளி நில்லுங்கள்

கேள்வி: எனக்கு நான்காவது மாதம் நடக்கிறது. வேலைக்கு ஸ்கூட்டியில் போவதால் வெயிலுக்கு சன்ஸ்கிரீன் பூசுகிறேன். அதில் நானோ துகள்கள் இருப்பதாகவும், அவை வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கும் என்றும் ஒரு வீடியோ பார்த்தேன். இரும்புச்சத்து மாத்திரையின் பூச்சிலும் அவை உண்டாம். மாத்திரையை நிறுத்திவிடலாமா? வீட்டில் வெந்நீர் விறகடுப்பில்தான் வைக்கிறோம், இரவில் கொசுவர்த்தியும் உண்டு. நினைத்து நினைத்துத் தூக்கமே வருவதில்லை.
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: அன்புச் சகோதரி, மாத்திரையை நிறுத்தாதீர்கள். ரத்தசோகையால் பிள்ளைக்கு வரும் கெடுதல் நிச்சயமாகத் தெரிந்த ஒன்று. மாத்திரைப் பூச்சில் சேர்க்கும் வெள்ளைப் பொடியான டைட்டானியம் டை ஆக்சைடை ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் உணவில் தடை செய்தது உண்மைதான். ஆனால் அங்கேயும் மாத்திரைகளில் அது இன்னும் அனுமதிக்கப்படுகிறது.

சரி, உங்கள் பயத்துக்கு வருவோம். ஒரு தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 80,000 நானோமீட்டர். நானோ துகள் என்பது 100க்கும் கீழே. தாயின் ரத்தமும் சேயின் ரத்தமும் நஞ்சுக்கொடியில் ஒன்றோடொன்று கலப்பதில்லை. நடுவில் செல்களாலான ஒரு மெல்லிய திரை இருக்கிறது, மாதம் ஏற ஏற அது இன்னும் மெலிகிறது. கெட்டது எதையும் அது உள்ளே விடாது என்று நெடுநாள் நம்பினோம். பிரசவத்துக்குப் பின் கிடைத்த நஞ்சுக்கொடிகளில் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் பிளாஸ்டிக் மணிகளைச் செலுத்திப் பார்த்து, 2010இல் முடிவை வெளியிட்டார்கள். 240 நானோமீட்டர் வரையிலான மணிகள் பிள்ளையின் பக்கத்துக்குப் போயிருந்தன.

2019இல் பெல்ஜியத்தின் ஹாசெல்ட் பல்கலைக்கழகத்தினர் நஞ்சுக்கொடியின் பிள்ளைப் பக்கத்திலேயே கரித்துகள்களைக் கண்டார்கள். மாசு மிகுந்த காற்றைச் சுவாசித்த தாய்மார்களிடம் அவை அதிகம் இருந்தன. 2022இல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் ஆய்வாளர்களோடு சேர்ந்து பார்த்தபோது, கருக்களின் ஈரல், நுரையீரல், மூளையிலும் அதே கரித்துகள். வண்டிப் புகையிலும் விறகுப் புகையிலும் வருகிற கரிதான் அது. இதை வாசித்தபோது எனக்கும் மனசு கனத்தது.

ஜப்பானில் சினை எலிகளின் ரத்தக் குழாயில் 70 நானோமீட்டர் சிலிக்காவையும் (மணலில் உள்ள பொருள்) 35 நானோமீட்டர் டைட்டானியம் டை ஆக்சைடையும் ஊசியாகப் போட்டார்கள். குட்டிகள் சிறுத்தன. பெரிய சிலிக்கா துகள்கள் அப்படிச் செய்யவில்லை. அந்த வீடியோக்காரர் இதைத்தான் பிடித்துக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறேன். ஆனால் நீங்கள் கிரீமை ஊசியாகப் போட்டுக்கொள்வதில்லை. எலியின் நஞ்சுக்கொடி அமைப்பும் நம்முடையதிலிருந்து வேறு. தோலில் தேய்க்கும் கிரீமில் உள்ள துத்தநாக ஆக்சைடும் டைட்டானியமும் புண்ணில்லாத தோலின் மேலடுக்கிலேயே தங்கிவிடும். தாராளமாகப் பூசுங்கள். ஸ்பிரேயும் பவுடரும் மட்டும் வேண்டாம், அவை மூக்கு வழியாக உள்ளே போகும்.

நான் கவலைப்படுவது மூச்சோடு போகிறதைப் பற்றித்தான். துகள் பிள்ளையைத் தொட வேண்டும் என்றுகூட இல்லை. தாயின் நுரையீரலில் அழற்சி உண்டானாலே அதன் தாக்கம் ரத்தத்தின் வழியே நஞ்சுக்கொடிக்குப் போய், பிள்ளைக்குச் சேரும் சத்தைக் குறைக்கலாம். காற்று மாசுக்கும் எடை குறைந்த பிரசவம், குறைமாதப் பிரசவம் ஆகியவற்றுக்கும் தொடர்பு இருப்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன.

ஒரு கொசுவர்த்தி எரிந்து முடியும்போது வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் வரை எரிப்பதற்குச் சமம் என்று 2003இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. மூடிய அறையில், இரவு முழுக்க! இன்றைக்கே நிறுத்துங்கள். அதற்காகக் கொசுக்கடியும் வாங்கக் கூடாது, டெங்கு கர்ப்பிணிகளுக்கு ஆபத்து. வலை கட்டிப் படுங்கள்.

வெந்நீர் அடுப்பை இனி வேறு யாராவது மூட்டட்டும். நீங்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம். உங்கள் அத்தை கோபித்துக்கொள்வாரோ என்று தயங்கினால் இந்தப் பதிலைப் படித்துக் காட்டுங்கள். சாம்பிராணிப் புகைக்கும் இதே பேச்சுதான். ஸ்கூட்டியில் போகும்போது என்95 மாஸ்க் போடுங்கள், துணி முகக்கவசம் இவ்வளவு நுண்ணிய துகளைத் தடுக்காது.

இதுவரை சுவாசித்த புகையை நினைத்து உங்களைக் குற்றம் சொல்லிக்கொள்ளாதீர்கள். கரித்துகள் போய்ச் சேர்ந்த பிள்ளைக்கெல்லாம் நோய் வந்தாக வேண்டும் என்று அந்த ஆய்வுகள் எதுவும் சொல்லவில்லை. ஐந்தாம் மாத ஸ்கேனுக்குப் போகும்போது வீட்டில் விறகடுப்பு இருப்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். பிள்ளையின் வளர்ச்சியைக் கொஞ்சம் கூடுதல் கவனத்தோடு பார்ப்பார்.