படகு டீசல் இன்ஜினுக்கு லாரி ஆயில் ஊற்றலாமா, எப்போது மாற்றுவது?

மும்பை சசூன் டாக் மீன்பிடித் துறைமுகத்தில் படகு விடும் நம்மூர்க்காரர் கேட்டது இது. ஊற்றலாம், இன்ஜின் புத்தகத்தில் சொன்ன தரம் டப்பாவில் இருந்தால். மும்பை வெயிலுக்குப் பெரும்பாலான சின்ன டீசல் இன்ஜின்களில் 15டபிள்யூ-40 (ஆயிலின் கெட்டித்தன்மையைச் சொல்லும் எண், டப்பாவிலேயே இருக்கும்) சரியாக வரும். நாள் கணக்கை விடுங்கள், ஓடிய மணிக்கணக்குதான் முக்கியம்: பல இன்ஜின்களுக்கு 250 மணி நேரம், சிலதுக்கு 100தான், ஃபில்டரும் சேர்த்து. ஆயில் கறுப்பது டீசலில் சகஜம். பால் கலந்த டீ மாதிரி இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, ஓட்டாதீர்கள்.

அப்புறம், ஜூன் 1-ல் தொடங்கும் மீன்பிடித் தடைக்காலத்துக்குப் படகை நிறுத்தும்போதே, இன்ஜினைச் சூடாக்கி ஆயிலை இறக்கிப் புதுசு ஊற்றிவிடுங்கள். ஆகஸ்டில் பார்த்துக்கலாம் என்று விட்டால், பழைய ஆயிலில் சேர்ந்த அமிலமும் ஈரமும் இரண்டு மாதம் பேரிங்கை அரித்துக்கொண்டே கிடக்கும். காசு மிச்சம் என்று பலரும் தள்ளிப்போடுவது இதைத்தான்.