எங்கள் வாட்டுகளில் நடக்கும் ஆய்வுகள்: மிஸியிடம் கேட்டவை

நான் டொக்டர் இல்லை. தாதியாக 24 வருடம் வேலை செய்தேன்; அதில் பிற்பாதி ஆய்வுகளோடுதான் போனது. மெடிக்கல் வாட்டு, சேர்ஜிக்கல் வாட்டு, பிரசவ அறை, பிள்ளைகள் வாட்டு என்று யார் ஆய்வு செய்தாலும், நோயாளியிடம் போய் விளக்கி, ஒப்பம் வாங்கி, படிவம் நிரப்பி, ஒரு மாதம் கழித்து போன் எடுத்து "இப்ப எப்படி இருக்கிறீங்க?" என்று கேட்கிற வேலை என்னுடையது. இந்த ஆய்வுகளைப் பற்றி எனக்கு வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்; ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். சொந்த வருத்தத்துக்கு மருந்து கேட்டவர்கள் மன்னிக்க வேண்டும், அதற்குக் கிளினிக் இருக்கிறது.

களுவாஞ்சிகுடியிலிருந்து: அப்பா சீனி வருத்தத்துக்கும் பிரஷருக்கும் கிளினிக் போகிறவர். போன மாதம் ஆய்வு என்று சொல்லித் தாளில் ஒப்பம் கேட்டிருக்கிறார்கள். பயத்தில் ஒப்பம் வைத்துவிட்டு வந்துவிட்டார். எங்களை வைத்து மருந்து சோதிக்கிறார்களா மிஸி?

முதலில் அந்தத் தாளைத் தேடி எடுங்கள் தம்பி. விளக்கத் தாளின் ஒரு பிரதி அப்பாவிடம் இருக்க வேண்டும். அதில் மருந்தின் பெயர் ஏதும் இருக்கிறதா, அல்லது இரத்தம் எடுப்பதும் கேள்வி கேட்பதும் மட்டும்தானா என்று பாருங்கள். நான் வேலை செய்த ஆய்வுகளில் பெரும்பாலானவை இரண்டாவது வகை. சீனிக்காரரின் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கிறதா, குளிசையை ஒழுங்காகப் போடுகிறார்களா, விடுகிறார்கள் என்றால் ஏன்? இப்படித்தான் இருக்கும். புது மருந்து கொடுத்துப் பார்ப்பதென்றால் நெறிமுறைக் குழுவின் (ஆய்வு நோயாளிக்கு நியாயமானதா என்று தொடங்கும் முன்னே பார்க்கிற குழு) அனுமதி மட்டும் போதாது. தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபையின் அனுமதியும் வேண்டும். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த சபை அது.

மருந்து ஆய்வு என்றாலும் எல்லாம் புது மருந்து இல்லை. இலங்கையில் 11 கிளினிக்குகளில் 700 பேரோடு நடந்த பிரஷர் ஆய்வு ஒன்றின் முடிவு 2018இல் வந்தது. டெல்மிசார்டன், அம்லோடிபின், குளோர்தலிடோன் என்று டொக்டர்மார் ஏற்கெனவே எழுதுகிற மூன்று மருந்துகளைப் பாதி அளவில் எடுத்து ஒரே குளிசையாக்கிக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். ஆறு மாதத்தில் அந்தக் குளிசை எடுத்தவர்களில் 100க்கு 70 பேருக்குப் பிரஷர் இலக்குக்குள் வந்தது. வழக்கமான சிகிச்சையில் 55 பேருக்கு. காலையும் இரவும் குளிசை எண்ணி எடுக்கிற என் அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "மூன்றை ஒன்றாக்க இவ்வளவு காலமா?" என்று கேட்டார்.

அப்பாவுக்கு வேண்டாம் என்று தோன்றினால், தாளில் உள்ள இலக்கத்துக்கு போன் எடுத்து விலகுகிறேன் என்றால் சரி. காரணம் சொல்லத் தேவையில்லை.

ஏறாவூரிலிருந்து: அஸ்ஸலாமு அலைக்கும் மிஸி. உம்மா ஆய்வுக்கு முடியாது என்று சொல்லிவிட்டார். அடுத்த கிளினிக்கில் அவரைக் கடைசியில் பார்ப்பார்களோ என்று பயப்படுகிறார்.

வஅலைக்கும் ஸலாம் தங்கச்சி. அப்படிச் செய்யக் கூடாது. செய்தால் நெறிமுறைக் குழுவுக்கு எழுதுங்கள், அதன் தொடர்பு விவரமும் விளக்கத் தாளிலேயே இருக்கும். உம்மா கேட்டது நியாயமான பயம்தான். சிகிச்சை தருகிற அதே டொக்டர் ஆய்வுக்கும் கேட்டால் யார் முகத்துக்கு நேரே முடியாது என்பார்கள்? அதனால்தான் ஒப்பம் வாங்க என்னைப் போல வேறு ஒருவரை அனுப்புவது.

காத்தான்குடியிலிருந்து: ஒரு ஒப்பப் படிவத்தில் "சீரற்ற முறையில் ஒதுக்கீடு செய்யப்படுவீர்கள்" என்று இருந்தது. நான் ஆசிரியர், எனக்கே விளங்கவில்லை. அது என்ன?

சீட்டுக் குலுக்கல் சேர். யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதை டொக்டரும் தீர்மானிக்காமல், நோயாளியும் தீர்மானிக்காமல், மூடிய உறையோ கணினியோ தீர்மானிப்பது. டொக்டரிடம் விட்டால் அவர் தன்னை அறியாமலே தேறக்கூடியவர்களுக்குப் புது மருந்தைக் கொடுத்துவிடுவார். பிறகு மருந்து நல்லதா, ஆள் திடகாத்திரமா என்று பிரிக்க முடியாது.

இதை ஒழுங்காகச் செய்து 1948இல் வெளியிட்டது பிரித்தானியாவின் காசநோய் ஆய்வு. 107 பேர், 55 பேருக்கு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி, 52 பேருக்குப் படுக்கை ஓய்வு மட்டும். அப்போது அந்த மருந்து எல்லோருக்கும் கொடுக்கப் போதாமல் இருந்தது, ஆகவே குலுக்கல்தான் நியாயமாகவும் இருந்தது. 2022இல் மருந்துத் தட்டுப்பாட்டில் நம் பார்மசி ராக்கைகளைப் பார்த்தவர்களுக்கு அந்த நிலைமை விளங்கும். ஒரு குறை என்னவென்றால், படுக்கை ஓய்வில் இருந்தவர்களிடம் ஆய்வில் இருக்கிறீர்கள் என்று யாரும் சொல்லவில்லை. நோயாளியின் சம்மதத்தை வலியுறுத்தும் ஹெல்சிங்கி பிரகடனம் 1964இல்தான் வந்தது.

படிவத் தமிழ் பற்றி நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. ஆங்கிலத்தில் எழுதி, அதை யாரோ மொழிபெயர்த்து, அப்படியே அச்சடிக்கிறார்கள். நான் ஒரு பழக்கம் வைத்திருந்தேன். படிவத்தை வாட்டில் கூட்டுகிற அக்காவிடம் வாசித்துக் காட்டி, "என்ன விளங்கினது, திருப்பிச் சொல்லுங்க" என்பேன். அவர் முழிக்கிற இடத்தில் கோடு போட்டு டொக்டரிடம் திருப்பி அனுப்புவேன். சில டொக்டர்மாருக்கு என்னைப் பிடிக்காமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

கொக்கட்டிச்சோலையிலிருந்து: வயலில் பாம்பு கடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனால், விஷ முறிவு ஊசிக்கு முதல் வேறொரு ஊசி போடுகிறார்கள். ஏன்? இதிலும் ஆய்வு செய்திருக்கிறார்களா?

இந்தக் கேள்விக்காகத்தான் நான் ஆய்வு வேலைக்கே வந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விஷ முறிவு மருந்து குதிரையின் இரத்தத்திலிருந்து எடுப்பது. அது ஏறும்போது பலருக்கு உடம்பெல்லாம் தடிக்கும், நடுங்கும், சிலருக்கு மூச்சு முட்டி பிரஷர் விழும். அதைத் தடுக்க முன்கூட்டியே ஹைட்ரோகோர்ட்டிசோனும் புரோமெத்தசினும் கொடுக்கிற வழக்கம் இருந்தது. நானே எத்தனையோ இரவு போட்டிருக்கிறேன். பெரிய சிஸ்டர் சொல்லித் தந்தார், அவருக்கு அவருடைய சிஸ்டர் சொன்னார். உதவுகிறதா என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

அதை எண்ணிப் பார்த்தது இலங்கை ஆய்வுதான். பாம்புக்கடியோடு வந்த 1007 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலருக்குக் குறைந்த அளவு அட்ரினலின், சிலருக்குப் புரோமெத்தசின், சிலருக்கு ஹைட்ரோகோர்ட்டிசோன், சிலருக்கு இவற்றின் கலவை, சிலருக்கு மருந்தில்லாத வெறும் ஊசி கொடுத்தார்கள். எதில் எது இருக்கிறது என்று கொடுத்தவருக்கும் தெரியாது. முடிவு 2011இல் வந்தது. நாலில் மூன்று பேருக்கு ஏதோ ஒரு ஒவ்வாமை வந்திருந்தது. அட்ரினலின் முதல் ஒரு மணித்தியாலத்தில் கடுமையான ஒவ்வாமையை 43 வீதம் குறைத்தது. நாங்கள் நம்பிப் போட்ட மற்ற இரண்டும் ஒன்றும் செய்யவில்லை. போதாததற்கு, ஹைட்ரோகோர்ட்டிசோனைச் சேர்த்துக் கொடுத்தால் அட்ரினலினின் பலனும் போய்விட்டது.

அதை வாசித்த அன்று எனக்கு நித்திரை வரவில்லை. நல்லது செய்கிறோம் என்று எத்தனை பேருக்குச் சும்மா ஊசி குத்தினோம்! ஆய்வு வேலைக்குப் பெயர் கொடுத்தது அதற்குப் பிறகுதான். ஆக, உங்கள் ஆளுக்கு முதலில் போட்டது அநேகமாக அந்த அட்ரினலின்தான்.

இன்னொன்றும் கேட்டிருந்தீர்கள், பாம்பை அடித்துக் கொண்டு வர வேண்டுமா என்று. வேண்டாம் ஐயா. முடிந்தால் தூர நின்று போனில் ஒரு படம் எடுங்கள், முடியாவிட்டால் அதையும் விடுங்கள். நாம் பாவிக்கிற இந்திய மருந்து நாகம், கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் ஆனது. சிங்களத்தில் குணகட்டுவா என்கிற, மூக்கு நிமிர்ந்த சின்ன விரியனுக்கு அது வேலை செய்யாது. அதனால் படம் இருந்தால் டொக்டருக்கு உதவும். கீறுவது, இறுக்கிக் கட்டுவது வேண்டாம். கடித்த கை காலை அசைக்காமல் வைத்துக்கொண்டு உடனே வாருங்கள்.

மருத்துவ பீட மாணவர்: இறுதியாண்டு ஆய்வுக்கு நீரிழிவு, சிறுநீரகம், கண் மூன்றையும் சேர்த்துச் செய்ய யோசிக்கிறேன். 384 பேர் வேண்டும் என்று கணக்கு வந்தது. மூன்று மாதத்தில் முடியுமா?

முடியாது மகன். 384 என்பது எங்கிருந்து வருகிறது என்று தெரியுமா? ஒரு விஷயம் 100க்கு 50 பேருக்கு இருக்கலாம் என்று வைத்து, 5 வீதம் கூடக் குறைய இருந்தால் பரவாயில்லை, 95 வீதம் நம்பிக்கை போதும் என்றால் வருகிற விடை. நீரிழிவால் கண் பாதிக்கப்பட்டவர்கள் எவ்வளவு என்று ஏற்கெனவே இலங்கையில் பார்த்திருந்தால் அந்த வீதத்தைப் போட வேண்டும், 50ஐ அல்ல. மந்திரம் மாதிரி எல்லாரும் 384 என்று எழுதுகிறார்கள், நெறிமுறைக் குழுவில் இருக்கிறவர்களுக்குச் சிரிப்பு வருகிறது.

ஒரு துறையை எடுங்கள். கிளினிக் பதிவுப் புத்தகத்தில் போன மூன்று மாதம் எத்தனை பேர் வந்தார்கள் என்று முதலில் எண்ணுங்கள். பழைய டிக்கெட்டுகளில் (நோயாளியின் வாட்டுக் குறிப்புகளில்) இருந்து விவரம் எடுப்பதென்றால், பத்து டிக்கெட்டை வைத்துப் படிவத்தை நிரப்பிப் பாருங்கள்; பாதியில் நிறை எழுதியிருக்காது, கையெழுத்து வாசிக்க வராது. அந்தப் பத்தில் படுகிற பாடு, பிறகு படப்போகிற பாட்டைக் காட்டும்.

சேர்ஜிக்கல் வாட்டு டொக்டர்: காயத்தில் கிருமி பிடித்தவர்கள் எத்தனை பேர் என்று எங்கள் வாட்டுக் கணக்கை ஓடிட் (சரிபார்ப்பு) செய்தோம். நல்ல முடிவு. இப்போது வெளியிட ஆசை. நெறிமுறை அனுமதி பிறகு எடுக்கலாமா?

நடந்து முடிந்ததற்குப் பின்தேதியில் அனுமதி கேட்டால் பொதுவாகத் தர மாட்டார்கள் டொக்டர். வெளியிடுவீர்களோ இல்லையோ, தொடங்கும் முன்னே கேட்டு வைப்பது நல்லது. இன்னொன்று, சத்திர சிகிச்சைக் காயத்தை 30 நாள் வரை பார்க்க வேண்டும். உங்கள் ஆள் மூன்றாம் நாள் வீட்டுக்குப் போய், வாகரையில் பக்கத்து ஆஸ்பத்திரியில் தையல் வெட்டியிருப்பார். அங்கே சீழ் வைத்தது உங்கள் கணக்கில் வந்ததா? போன் எடுத்துக் கேட்காவிட்டால் எல்லா வாட்டும் சுத்தமான வாட்டுத்தான்.

திருக்கோவிலிலிருந்து: அக்கா ஏழு மாதம். கிளினிக்கில் ஆய்வுக்குக் கேட்டார்கள். வயிற்றில் பிள்ளையோடு சேரலாமா?

கேள்வி கேட்பது, பிரஷர் பார்ப்பது மட்டும் என்றால் தாராளமாக. மருந்து என்றால் வி.ஓ.ஜியிடம் (பிரசவ, பெண் நோய் நிபுணரிடம்) நேரில் கேளுங்கள், பிள்ளைக்கு என்ன என்பதைத் தனியாகக் கேளுங்கள். ஆனால் கர்ப்பிணி என்றாலே ஆய்வில் வேண்டாம் என்று ஒதுக்குவதும் பிழை. பிரஷர் கூடி வலிப்பு வராமல் இருக்கப் பிரசவ அறையில் போடுகிற மக்னீசியம் சல்பேற்று ஊசிக்கு உறுதியான ஆதாரம், 33 நாடுகளில் 10,141 கர்ப்பிணித் தாய்மார் சேர்ந்த ஆய்விலிருந்து 2002இல் கிடைத்தது. வலிப்பு வரும் ஆபத்தைப் பாதிக்கும் கீழே இறக்கியது. அந்தத் தாய்மார் சம்மதித்திருக்காவிட்டால் நாங்கள் இன்னும் ஊகித்துக்கொண்டிருப்போம்.

செங்கலடியிலிருந்து: என் கணவர் சீனி வருத்தக்காரர், வேளாண்மை செய்கிறவர். காய்ச்சல் விடாமல், ஈரலில் சீழ்க்கட்டி வந்து, மெலியோய்டோசிஸ் என்று கண்டுபிடித்தார்கள். இப்போது அவரைப் பற்றி மருத்துவ இதழில் எழுத அனுமதி கேட்கிறார்கள். என்ன சொல்வது?

அவர் தேறி வந்ததே சந்தோஷம் தங்கச்சி. அது சேற்றிலும் தண்ணீரிலும் இருக்கிற கிருமி. மழைக்காலத்தில் கூடும், சீனி வருத்தம் உள்ள வயல்காரரைத்தான் தேடிப் பிடிக்கும். காசநோய் மாதிரியும் இருக்கும், சாதாரணக் காய்ச்சல் மாதிரியும் இருக்கும், அதனால் தவறவிடுவது சுலபம். இப்படி ஒருவரைப் பற்றி எழுதினால், அடுத்த முறை இன்னொரு டொக்டருக்குச் சந்தேகம் வரும். அந்த வகையில் நல்லது.

ஆனால் பெயர் போடமாட்டோம் என்பது மட்டும் போதாது. இந்த வயது, இந்தத் தொழில், இந்த ஊர், இந்த மாதம் என்று எழுதினால் செங்கலடியில் ஆளைக் கண்டுபிடிக்க யாருக்கும் பெயர் தேவையில்லை. ஊரை விட்டு "கிழக்கு மாகாணம்" என்று போடச் சொல்லுங்கள். அச்சுக்குப் போகும் முன் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அதோடு, குளிசை மூன்று மாதமளவில் எடுக்க வேண்டி வரும். சுகமாகிவிட்டது என்று இடையில் விடவேண்டாம்.

கல்லாறிலிருந்து: சுனாமிக்குப் பிறகு எங்களிடம் எத்தனையோ பேர் மனநிலை பற்றிக் கேள்வி கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். ஒருவரும் திரும்பி வரவில்லை. இனி ஏன் பதில் சொல்ல வேண்டும்?

சொல்லத் தேவையில்லை அண்ணா. ஒரு பெண்ணிடம் மூன்று குழுக்கள், ஒரே கதையை மூன்று தடவை சொல்ல வைத்ததை நான் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அழுதார். அழுத பிறகு யாரிடம் அனுப்புவது என்ற ஏற்பாடு மூவரிடமும் இல்லை. இனி யாரும் வந்தால் இரண்டு கேள்வி கேளுங்கள்: நான் உடைந்து போனால் யார் பார்ப்பார்? முடிவை எங்கள் ஊருக்கு எப்போது வந்து சொல்வீர்கள்? பதில் இல்லாவிட்டால் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

வாழைச்சேனையிலிருந்து: காசு தருவார்களா?

பஸ் காசும் சாப்பாடும் தரலாம். ஆசை காட்டுகிற அளவுக்குத் தரக் கூடாது.

இரத்தத்தை வெளிநாட்டுக்கு அனுப்புவார்களா?

அனுப்புவதென்றால் விளக்கத் தாளில் சொல்லியிருக்க வேண்டும். அதற்கு மட்டும் முடியாது என்று சொல்லவும் உங்களுக்கு இடம் உண்டு.

ஒரு மருந்து ஆய்வு உண்மையானதா என்று எங்கே பார்ப்பது?

இலங்கை மருத்துவ சங்கத்தின் கீழ் 2006இலிருந்து மருத்துவப் பரிசோதனைப் பதிவேடு ஒன்று இருக்கிறது. இணையத்தில் யாரும் பார்க்கலாம். விளக்கத் தாளில் பதிவு இலக்கம் இருந்தால் அதில் தேடுங்கள்.

கல்முனையிலிருந்து ஒரு தாதி: அக்கா, ஆய்வு என்றால் டொக்டர்மாருக்குத்தானே? நாங்கள் தனியாகச் செய்ய முடியுமா?

ஏன் முடியாது? கனியூலா (மருந்து ஏற்ற நரம்பில் போடும் சிறு குழாய்) போட்ட இடம் வீங்குவதை டொக்டருக்கு முதல் காண்பவர் யார்? அதிலிருந்து தொடங்குங்கள். மேட்ரனிடமும் நெறிமுறைக் குழுவிடமும் முதலில் எழுதிக் கொடுத்து அனுமதி எடுங்கள். பிறகு ஒரு கொப்பியில் ஐந்து கோடு போதும்: போட்ட நாள், எந்தக் கை, என்ன மருந்து ஏறினது, எத்தனையாம் நாள் சிவந்தது, எப்போது கழற்றினது. நைட் டியூட்டிக்காரரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் இரவில் வீங்கினது எல்லாம் விடுபட்டுப் போகும். கோடு போட்ட பக்கத்தை முதலில் எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.