மாரடைப்புக்குப் பிறகு இதயச் சுவரில் ஓட்டை: ஏன் உடனே ஆபரேஷன் செய்யவில்லை?

அப்பாவுக்கு மாரடைப்பு வந்த நாலாம் நாள் இதயத்தின் நடுச்சுவர் கிழிந்துவிட்டது, ஆனாலும் டாக்டர்கள் ஆபரேஷனைத் தள்ளிப்போடுகிறார்கள், இது அலட்சியமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதய அறுவை ஐசியூவில் நர்ஸாக இருக்கிறேன். பெரும்பாலும் அலட்சியம் இல்லை.

வெளிச்சுவர் கிழிந்தால் கதை வேறு. ரத்தம் இதய உறைக்குள் நிரம்பி இதயத்தையே நெரித்துவிடும், காத்திருக்க நேரமே கிடையாது. நடுச்சுவர் கிழிந்தால் இடது கீழறை ரத்தம் வலது பக்கம் பாய்ந்து நுரையீரலில் தேங்கும், உடம்புக்குப் போகவேண்டியது குறையும். இதுவும் பேராபத்துதான், ஆனால் சிலருக்குக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும்.

தையல் எங்கே நிற்கும் என்பதுதான் சிக்கல். செத்துப்போன தசை முதல் வாரத்தில் ஊறிய காகிதம் மாதிரி இருக்கும், நூலை இழுத்தால் அறுத்துக்கொண்டு வந்துவிடும். அதனால்தான் டொராண்டோவின் இதய சர்ஜன் டைரோன் டேவிட், ஓட்டையை மட்டும் மூடாமல், மாட்டு இதய உறையில் செய்த பெரிய பேட்சை இடது கீழறைக்குள் சுற்றியுள்ள நல்ல தசையோடு தைத்து, செத்த பகுதியையே ஒதுக்கிவிடும் முறையைக் கொண்டுவந்தார். நாளாக ஆக ஓட்டையின் ஓரம் தழும்பாகி இறுகும், அப்போது தையல் பிடித்து நிற்கும், அதற்காகத்தான் காத்திருக்கிறார்கள். 1956ல் அமெரிக்க சர்ஜன் டென்டன் கூலி முதன்முதலில் இதைச் சரிசெய்தபோதும் கிழிசல் தெரிந்து 9 வாரம் ஆகியிருந்தது.

அமெரிக்காவில் 2,876 பேரின் விவரங்களைப் பார்த்ததில், மாரடைப்பு வந்த 7 நாளுக்குள் ஆபரேஷன் நடந்தவர்களில் சுமார் 54 சதவீதம் பேர் இறந்தார்கள், அதற்குப் பின் நடந்தவர்களில் சுமார் 18 சதவீதம். இதை அப்படியே நம்பிக் காத்திருக்கவும் கூடாது, ஏனென்றால் ஒரு வாரம் தாங்கியவர்கள் ஏற்கெனவே கொஞ்சம் தெம்பானவர்கள், நிலைமை மோசமானவர்களைத்தான் அவசரமாக உள்ளே கொண்டுபோவார்கள்.

அதனால் தேதியைக் கேட்டு நிற்காதீர்கள். சிறுநீர் போகிறதா, லாக்டேட் (உடம்புக்கு ரத்தம் போதாதபோது ரத்தத்தில் கூடும் அமிலம்) ஏறுகிறதா, பிரஷருக்கான மருந்தைக் கூட்டிக்கொண்டே போகிறார்களா, பலூன் பம்ப் (பெரிய ரத்தக்குழாயில் வைத்து இதயத்தின் சுமையைக் குறைக்கும் கருவி) வைத்தாயிற்றா என்று தினமும் கேளுங்கள். இவை கெட ஆரம்பித்தால் காத்திருப்பதில் பயனில்லை, சர்ஜனிடம் அதை நேராகவே கேட்கலாம். அங்கே எக்மோ (இதயம், நுரையீரல் வேலையை வெளியிலிருந்து செய்யும் இயந்திரம்) வசதி இல்லையென்றால், வேறு இடத்துக்கு மாற்றுவதைப் பற்றி அப்பா நிலையாக இருக்கும் இன்றைக்கே பேசிவிடுங்கள், பிரஷர் விழுந்தபிறகு ஆம்புலன்ஸில் ஏற்றுவது மிகவும் கஷ்டம்.