அண்ணனின் வண்டித் தவணையும் உன் தேர்வுக் கட்டணமும்

கேள்வி: அரசு கலைக் கல்லூரியில் இளநிலைக் கணிதம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்தவள். ஊரிலிருந்து தினமும் வந்து போக முடியாததால் மூன்று தோழிகளோடு வாடகை அறையில் தங்கியிருக்கிறேன். வாடகையும் சாப்பாடும் கட்டுப்படியாகவில்லை. பல நாள் காலையில் சாப்பிடுவதில்லை. இரண்டு தாள்களில் அரியர். சென்ற பருவத்தில் தேர்வுக் கட்டணத்தைக் கெடுவுக்குள் கட்ட முடியாததால் அவற்றை எழுதவில்லை. இரவில் தூக்கம் வருவதில்லை. காரணமில்லாமல் அழுகை வருகிறது. கல்லூரியில் ஆலோசனை மையம் என்று ஓர் அறை உண்டு. எப்போதும் பூட்டியே இருக்கும். அப்பா இல்லை. அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறார். அண்ணன் செல்போன் கடையில் வேலை பார்க்கிறார். (புதுமைப் பெண் பணம் அண்ணனின் வண்டித் தவணைக்குப் போய்விடும்; கார்டு அவரிடம்தான் இருக்கிறது.) படிப்பை நிறுத்திவிட்டு மில் வேலைக்குப் போனால் வீட்டுக்காவது உதவியாக இருக்கும் என்று தோன்றுகிறது. என்னைப் போன்றவர்களுக்கு உதவ யாருமே இல்லையா?
– பெயர் வெளியிட விரும்பாத மாணவி

பதில்: மகளே, பூட்டிய அறையைப் பற்றி நீ ஒரு முழுப் பக்கம் எழுதியிருந்தாய், அதைச் சுருக்கிவிட்டேன். அடைப்புக்குறிக்குள் நீ ஒதுக்கி வைத்திருந்த ஒரு வரியை மட்டும் ஓர் எழுத்தும் குறைக்காமல் வெளியிட்டிருக்கிறேன். உதவ யாருமில்லையா என்று கேட்கிறாய். மாதந்தோறும் உன் பெயரில், உன் வங்கிக் கணக்கில், அரசின் புதுமைப் பெண் உதவித்தொகையாக 1,000 ரூபாய் வந்து விழுகிறது. அந்தப் பணத்தில் உன் அண்ணன் வண்டி ஓட்டுகிறார். கல்லூரியில் சேர்ந்தது முதல் இதுவரை வந்த தொகையைக் கூட்டி, கெடு தவறிய அந்த இரண்டு தாள்களின் கட்டணத்தால் வகுத்துப் பார். கணிதம் படிக்கிறவள்தானே நீ!

அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் தெரிந்துகொள். தேவதாசி முறையை எதிர்த்து வாழ்நாளெல்லாம் போராடிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் பெயரில் தமிழ்நாடு அரசு நெடுங்காலம் திருமண உதவி வழங்கி வந்தது. பட்டம் பெற்ற ஏழைப் பெண்ணுக்கு 50,000 ரூபாயும் தாலிக்கு 8 கிராம் தங்கமும் கொடுத்தார்கள். 2022-இல் அதே திட்டத்தை உயர்கல்வி உதவியாக மாற்றி, அந்த ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் புதுமைப் பெண் என்ற பெயரில் தொடங்கினார்கள். தங்கத்தை நிறுத்தியது அநியாயம் என்று எனக்கு எழுதுகிற தாய்மார்கள் இன்றும் இருக்கிறார்கள். நான் அதை ஒப்புக்கொள்வதில்லை. பெண்ணின் கல்யாணத்துக்கென்று இருந்த பணத்தை அவள் படிப்புக்கென்று அரசு மாற்றியது; உன் வீட்டில் அது மறுபடியும் இடம் மாறி, வீட்டு ஆணின் வண்டிக்குப் போய்விட்டது.

குடும்பத்துக்குக் கொடுப்பது பிள்ளைகளின் கடமை என்று நம்புகிறவள் நான். அம்மாவின் மருந்துச் செலவுக்கு அந்தப் பணம் போயிருந்தால் உன்னை ஒரு சொல்லும் சொல்லியிருக்க மாட்டேன். ஆனால் சம்பளம் வாங்குகிற ஓர் ஆண், பசியோடு வகுப்பில் உட்கார்ந்திருக்கும் தங்கையின் உதவித்தொகையில் தவணை கட்டுவதைக் குடும்ப உதவி என்று எந்தக் கணக்கிலும் சேர்க்க முடியாது. தகப்பன் இல்லாத வீட்டில், தங்கையின் தேர்வுக் கட்டணத்துக்குக் கடைசி நாள் எது என்று விசாரித்துக் கட்டுவதுதான் அண்ணனின் வேலை. வேலைக்குப் போகிற பையனுக்கு வண்டி வேண்டும் என்று அம்மா சொல்லியிருப்பார். இதே வாக்கியத்தைப் பல ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் படித்துச் சலித்துவிட்டேன். வண்டி வேண்டுமானால் அது அவர் சம்பளத்தில் ஓடட்டும்.

உன்னையும் சும்மா விடுவதாக இல்லை. கார்டையும் ரகசிய எண்ணையும் கொடுத்துவிட்டு, இத்தனை மாதங்களில் ஒரு முறையாவது திருப்பிக் கேட்டாயா? கேட்டதாக உன் கடிதத்தில் எங்கும் இல்லை. அண்ணனிடம் கேட்பதைவிட மில்லுக்குப் போவது உனக்கு எளிதாகத் தெரிகிறது. இதில் நீ யோசிக்காத ஒன்றும் இருக்கிறது: அந்த 1,000 ரூபாய் நீ படிக்கும்வரைதான் வரும். நீ கல்லூரியை விட்ட பிறகு தவணைக்கு உன் மில் சம்பளத்தைக் கேட்பார்கள். அதையும் கொடுப்பாய்.

வங்கிக் கணக்கு உன்னுடையது. உனக்குப் பதினெட்டு வயது முடிந்துவிட்டது. கணக்குப் புத்தகத்தையும் ஆதார் அட்டையையும் எடுத்துக்கொண்டு வங்கிக் கிளைக்கு நேரில் போய், பழைய கார்டை முடக்கிப் புதிய கார்டு தரும்படி எழுதிக் கொடு. கணக்கில் அண்ணனின் செல்போன் எண் இருந்தால் அதையும் மாற்றிவிடு. இதற்கு வேறு யாருடைய கையெழுத்தும் தேவையில்லை. ஆனால் திருட்டுத்தனமாகச் செய்யாதே. முதலில் அம்மாவிடமும் பிறகு அண்ணனிடமும் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போ. அனுமதி கேட்கப் போகாதே. செய்யப்போவதைத் தெரிவித்தால் போதும்.

கார்டு கைக்கு வந்தாலும் அந்தத் தொகை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் சேர்ந்து போதாது என்பது எனக்குத் தெரியும். நீ ஏன் அரசு விடுதியில் இல்லை என்பதுதான் புரியவில்லை. கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவிகளுக்கான அரசு விடுதிகளில் தங்குவதற்கும் உணவுக்கும் கட்டணம் இல்லை. 2025 முதல் இவற்றைச் சமூகநீதி விடுதிகள் என்று அழைக்கிறார்கள். பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை விடுதியில் சேரக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்கு மேல் இருக்கக் கூடாது. வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையே 8 கிலோமீட்டராவது இருக்க வேண்டும் என்ற விதி மாணவிகளுக்குப் பொருந்தாது. பொதுவாகக் கல்வியாண்டின் தொடக்கத்தில்தான் சேர்க்கிறார்கள் என்றாலும், நடுவில் இடம் காலியாவது உண்டு. விடுதிக் காப்பாளரிடமோ, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உன் பிரிவுக்குரிய நலத்துறை அலுவலகத்திலோ இந்த வாரமே போய்க் கேள். சில விடுதிகளில் கழிப்பறையும் தண்ணீரும் மோசம் என்று தோழிகள் சொல்வார்கள். அது பொய்யில்லை. ஆனாலும் அங்கே காலையில் சாப்பாடு உண்டு.

வருமானச் சான்றும் சாதிச் சான்றும் இல்லையென்றால் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கிவிடு. புதுமைப் பெண் உதவி பெறுகிறவள் வேறு கல்வி உதவித்தொகை கேட்கக் கூடாது என்று கல்லூரி அலுவலகத்தில் யாராவது சொன்னால் அது தவறு, இரண்டையும் பெறலாம். அரியர் விஷயத்தை அடுத்த கட்டண அறிவிப்பு வருவதற்கு முன்பே துறைத் தலைவரிடம் சொல்லிவை. மாணவர்களின் கட்டணத்தைத் தம் கைப்பணத்திலிருந்து கட்டுகிற ஆசிரியர்கள் அரசுக் கல்லூரிகளில் இருக்கிறார்கள், ஆனால் வாய் திறக்காத பிள்ளையின் நிலைமை அவர்களுக்கு எப்படித் தெரியும்?

இனி அந்தப் பூட்டிய அறை. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனம் ஒவ்வொன்றிலும் தகுதி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் உத்தரவிட்டிருக்கிறது. இதைக் குறிப்பிட்டு, அறைத் தோழிகளோடு கையெழுத்திட்டு முதல்வரிடம் மனு கொடு. பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் வாங்கிக்கொள். கல்லூரி அசைவதற்குள் உன் பருவம் முடிந்துவிடலாம். அதுவரை காத்திருக்காமல் 14416 என்ற எண்ணை அழை. 'நட்புடன் உங்களோடு' என்று நம் மாநிலத்தில் நடக்கும் மனநலச் சேவை அது. இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். காரணமில்லாமல் அழுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். வயிறு காய்ந்து, கடன்பட்டவள் போல ஒடுங்கி இருக்கிறவள் அழுவதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. ஆனால் தூக்கமின்மை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு நேரில் போ. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒரு முறை தலைகாட்டினாலும், விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த இரவே அந்த எண்ணை அழைத்துவிடு.

இந்தப் பக்கத்தை அம்மாவிடம் வாசித்துக் காட்டு. அண்ணனுக்கு என்மேல் கோபம் வந்தால் அவர் எனக்குத் தாராளமாக எழுதலாம்; அடுத்த இதழிலேயே வெளியிடுகிறேன். இன்னும் எத்தனை தவணை பாக்கி, அதை எந்தப் பணத்திலிருந்து கட்டப்போகிறார் என்பதையும் அந்தக் கடிதத்தில் எழுதட்டும்.