நாய் படுத்திருக்கட்டும்

கேள்வி: எங்கள் ஊர் வயலோரம் இருக்கும் நடுகல்லுக்கு எண்ணெயும் மஞ்சளும் பூசிப் பாழாக்குகிறார்கள். நாய் வேறு அங்கேயே படுத்துக் கிடக்கிறது. இந்த மாதிரிக் கற்களையெல்லாம் பெயர்த்து வேலூர்க் கோட்டை அருங்காட்சியகத்தில் பூட்டிவைத்தால் என்ன?
– ஒரு வாசகர், காட்பாடி

பதில்: நாய் படுப்பது கல்லுக்கு அவமானமா? செங்கம் பக்கத்து எடுத்தனூர் நடுகல், முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டில் எருமை மந்தையைக் காக்கப் போராடிச் செத்த கருந்தேவக்கத்திக்கு நட்டது. வீரனுக்குப் பக்கத்தில் அவனுடைய நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். அதன் பெயர் கோவிவன். கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்று எழுத்திலும் பொறித்திருக்கிறார்கள். பல்லவர் காலத்துப் பெரிய மனிதர்கள் எத்தனையோ பேரின் பெயர் அழிந்துபோனது; ஒரு பட்டி நாயின் பெயர் நின்றது. உங்கள் ஊர் நாயை யாரும் விரட்ட வேண்டாம்.

பழைய வட ஆற்காட்டில் இந்தக் கற்கள் பல தப்பியதே ஊர்க்காரர்கள் வேடியப்பன் என்று பொங்கல் வைத்துக் கும்பிட்டதால்தான். சாமியாக இல்லாதிருந்தால் மதகுக்கோ துணி துவைக்கவோ போயிருக்கும். அவற்றிலுள்ள வட்டெழுத்தை, அதாவது தமிழின் பழைய எழுத்து வடிவத்தை, படித்துச் சொன்னது தமிழ்நாடு தொல்லியல் துறை. 1972-இல் செங்கம் நடுகற்களைத் தொகுத்து நூலாகவே போட்டது. இதில் யாரை ஒதுக்கச் சொல்கிறீர்கள்?

மஞ்சளைவிட எனக்குப் பயம் எனாமல் பெயின்ட். அதையும், மணலைப் பீய்ச்சியடித்துக் கல்வெட்டுகளைத் தின்ற கோயில் திருப்பணிகளையும் இந்தப் பக்கத்தில் விடாமல் திட்டிவருகிறேன், இனியும் திட்டுவேன். ஆனால் பெயின்ட் டப்பாவோடு வருகிறவரிடம், “இது உங்கள் ஊருக்காக உயிரைவிட்டவன் பெயர்” என்று படித்துக்காட்ட யார் போனார்கள்? வாசகத்தை இன்றைய தமிழில் எழுதிக் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு பலகை வைக்கட்டும். எதைப் பூசலாம், எதைப் பூசக் கூடாது என்று துறையும் பூசாரியும் பஞ்சாயத்தும் உட்கார்ந்து பேசட்டும். சாலையை அகலப்படுத்த இயந்திரம் வந்து நின்றால் யாருக்குப் போன் போடுவது என்பதாவது ஊருக்குத் தெரிய வேண்டாமா?

நீங்கள் சொன்ன கோட்டைக்குள்ளேயே பாருங்கள். ஜலகண்டேஸ்வரர் கோயில் நெடுங்காலம் மூலவர் இல்லாமல் கிடந்தது. 1981-இல் மக்கள் லிங்கத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். இன்று கட்டடம் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில், உள்ளே தினமும் பூசை.

சரி, உங்கள் ஊர்க் கல்லில் எழுத்து இருக்கிறதா? மாவோ சாக்பீஸோ தேய்க்காமல், சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது படம் எடுத்து அனுப்புங்கள். படித்துச் சொல்ல ஆள் பிடிப்பது என் பொறுப்பு.