விம்மில் ஃபோல்டருக்குள் போன பிறகும் ஃபைல் வேறிடத்தில் சேவ் ஆவது ஏன்?

கேள்வி: விம் என்ற டெக்ஸ்ட் எடிட்டரில் ‘:எக்ஸ்ப்ளோர்’ கொடுத்து, என்டர் தட்டித் தட்டி வேண்டிய ஃபோல்டருக்குள் போகிறேன். அங்கிருந்து ‘:இ குறிப்பு.டெக்ஸ்ட்’ அடித்துச் சேவ் செய்தால், ஃபைல் ஹோம் ஃபோல்டரில் போய் உட்கார்ந்திருக்கிறது. எங்கே தவறு?

பதில்: தவறு உங்களுடையது இல்லை. விம்முக்கு நீங்கள் பார்க்கிற ஃபோல்டர் வேறு, அது நிற்கிற ஃபோல்டர் வேறு. ஃபோல்டர் பட்டியலைக் காட்டுகிற நெட்ஆர்டபிள்யூ, நீங்கள் எத்தனை ஃபோல்டர் உள்ளே போனாலும் நிற்கிற இடத்தைத் தொடாது. டெர்மினலில் எங்கிருந்து விம்மைத் திறந்தீர்களோ அங்கேயே நிற்கும். ‘:பிடபிள்யூடி’ அடித்தால் அந்த இடம் தெரியும். புதிதாக வருகிற அத்தனை பேரும் இடறி விழுகிற இடம் இது. திரையில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், சொல்வதில்லை.

தீர்வு சின்னது. வேண்டிய ஃபோல்டரின் பட்டியல் திரையில் இருக்கும்போது, கோலன் இல்லாமல், சி, டி என்று இரண்டு கீயை அடுத்தடுத்து அழுத்துங்கள். பழைய பதிப்புகளில் சி மட்டும். இந்த மாற்றத்தைச் சொல்லாத குறிப்புகள் இன்னும் சுற்றுகின்றன. அழுத்தியதும் ‘:பிடபிள்யூடி’ போட்டுச் சரிபாருங்கள்.

இதில் ஒன்றைக் கவனமாகப் புரிந்துகொள்ளுங்கள். அந்தச் சி-டி மாற்றுவது அந்த ஒரு விண்டோவின் இடத்தை மட்டும்தான், ‘:எல்சிடி’ கொடுத்தது போல. திரையைப் பிரித்து வலப்பக்கம் இன்னொரு ஃபைல் ஏற்கெனவே திறந்திருந்தால், அந்த விண்டோ பழைய இடத்திலேயே நிற்கும். இடப்பக்கம் ‘:இ’ கொடுத்தால் புது இடம், வலப்பக்கம் கொடுத்தால் பழைய இடம். மாற்றிய பிறகு பிரித்த விண்டோவோ புது இடத்தோடுதான் பிறக்கும். குழப்பம் வந்தால் இரண்டு விண்டோவிலும் தனித்தனியே ‘:பிடபிள்யூடி’ பாருங்கள். இப்படித் தனி இடம் வாங்காத எல்லா விண்டோவும் சேர்ந்து மாற வேண்டுமென்றால் பட்டியலில் நின்றபடி ‘:சிடி %’ கொடுங்கள். ஏதாவது ஃபைலுக்குள் இருந்தால் ‘:சிடி %:ஹெச்’. முன்பிருந்த இடத்துக்குத் திரும்ப ‘:சிடி -’. லினக்ஸில் வெறும் ‘:சிடி’ மட்டும் அடித்துவிடாதீர்கள், நேரே ஹோமுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடும்.

புது ஃபைல் உண்டாக்குவது மட்டுமே நோக்கமென்றால் இடம் மாற்றவே வேண்டாம். பட்டியலில் % கீயை அழுத்திப் பெயர் கொடுங்கள், கண்ணெதிரே இருக்கிற ஃபோல்டரிலேயே திறக்கும்.

இப்போது எச்சரிக்கை. இந்தக் கேள்வியை யாரிடம் கேட்டாலும் ‘செட் ஆட்டோசிஹெச்டிஐஆர்’ என்ற ஒற்றை வரியை, விம்மின் அமைப்புகள் இருக்கிற ஃபைலான விம்ஆர்சியில் ஒட்டச் சொல்வார்கள். ரெடிமேட் விம்ஆர்சி கொடுக்கிறவர்களும், அதையே காசுக்கு விற்கிறவர்களும் கேட்காமலேயே அதைச் சேர்த்து வைத்திருப்பார்கள். ஒட்டாதீர்கள். நீங்கள் திறக்கிற ஒவ்வொரு ஃபைலின் பின்னாலும் விம் இடம் மாறிக்கொண்டே இருக்கும். ப்ராஜெக்டின் உள் ஃபோல்டரில் ஒரு ஃபைலைத் திறந்து, ப்ராஜெக்டை பில்ட் செய்ய ‘:மேக்’ கொடுத்தால், மேல் ஃபோல்டரில் இருக்கிற, பில்ட் விதிகள் எழுதிய மேக்ஃபைலையே காணோம் என்று சொல்லும். தேடினால் பாதி ப்ராஜெக்டில்தான் தேடும். சில பிளகின்கள் வேலை செய்யாது என்று விம்மின் ஹெல்ப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. கொடுப்பவர் யாரும் அதைப் படித்துக் காட்டுவதில்லை.

நெட்ஆர்டபிள்யூவின் கீப்டிர் அமைப்பை 0 ஆக்கினால், பட்டியலில் நகர நகர இடமும் கூடவே நகரும். பட்டியலிலிருந்தே ஃபைல்களை மூவ் செய்யும்போது எரர் வருகிறவர்களுக்கு அது உதவும். மற்றவர்களுக்கு, கீயை அழுத்தி நாமே மாற்றுவதுதான் பத்திரம்.

ஏற்கெனவே எங்கோ போய்விட்ட ஃபைலைப் பிடிக்க, அது திறந்திருக்கும்போது 1 அழுத்திவிட்டுக் கண்ட்ரோல்-ஜி அழுத்துங்கள். முழுப் பாதையும் கீழே வரும். சரியான பாதையைக் கொடுத்து ‘:சேவ்ஆஸ்’ செய்த பிறகு, பழைய பிரதியை டெர்மினலில் அழித்துவிடுங்கள். சேவ்ஆஸ் அதை அழிக்காது.