கல்லறைக் கல்லை வாசித்த இருவர்

அன்புள்ள ஐயா,

கல்லூரியில் வரலாறு படிக்கிறேன். துருக்கிக் குடியரசை நிறுவிய முஸ்தபா கமால் அத்தாதுர்க்கைப் பற்றிப் படித்துப் பிரமித்துப்போனேன். போர்க்களத்திலிருந்து வந்தவர் முஸ்லிம்களின் தலைமைப் பீடமான கிலாஃபத்தை ஒழித்தார், மதச்சார்பற்ற குடியரசை அமைத்தார், எழுத்தையே மாற்றினார். எங்கள் பேராசிரியரோ அவரைச் சர்வாதிகாரி என்கிறார். சரிதானா? எல்லாவற்றையும் ஒரே வீச்சில் மாற்ற நமக்கும் அப்படி ஒருவர் வரமாட்டாரா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

சில நாட்களாக நானும் அவரைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் கையோடு பதில் எழுதுகிறேன்.

உங்கள் பேராசிரியர் சொன்னது சரி. எதிர்க்கட்சி ஒன்று வேண்டும் என்று தன் நண்பர் ஃபெத்தியைத் தூண்டி 1930 ஆகஸ்டில் கட்சி தொடங்க வைத்தவரே அவர்தான். அதற்குக் கூட்டம் சேர்ந்தது. நவம்பரில் கட்சியே இல்லை. 1937, 38-இல் குர்துகள் வாழும் தெர்சிம் பகுதியில் அவருடைய ராணுவம் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. 1934-இல் பெண்களுக்கு நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குரிமை வந்ததும் அவர் ஆட்சியில்தான். பிரான்ஸில் அது 1944-இல்தான் வந்தது. இரண்டையும் சேர்த்தே படியுங்கள். ஃபெஸ் தொப்பியைத் தடைசெய்த சட்டத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், அது போகட்டும்.

ஆனால் 'ஒரே வீச்சில்' என்று எழுதினீர்களே, அதைப் படித்ததும் கோபம் வந்தது. வரலாறு படிக்கிற பிள்ளை எழுதுகிற சொல்லா அது? வீச்சு யார்மேல் விழுந்தது என்று கேட்க வேண்டாமா?

எழுத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அரபு எழுத்திலிருந்து லத்தீன் எழுத்துக்கு மாறப் பல வருடம் ஆகும் என்று அதற்காக அமைத்த குழுவினர் சொன்னார்கள். மூன்று மாதத்தில் நடக்க வேண்டும், இல்லாவிட்டால் நடக்கவே நடக்காது என்றார் அவர். 1928 ஆகஸ்டில் அறிவித்தார், நவம்பர் 1-ஆம் தேதி சட்டம் வந்துவிட்டது. சாக்கட்டியும் கையுமாகக் கரும்பலகை முன் அவர் நிற்கும் புகைப்படத்தைப் பார்த்தால் இன்றும் எனக்கு மனம் இளகும். பத்தில் ஒருவருக்குத்தான் படிக்கத் தெரிந்திருந்த நாடு அது. துருக்கி மொழியின் உயிரெழுத்துகளுக்கு அரபு எழுத்து போதவில்லை என்பதும் உண்மை. மாற்றியது தவறு என்று நான் சொல்லவில்லை.

அப்புறம் சொற்களைக் களையெடுத்தார்கள். அரபு, பாரசீகச் சொற்கள் போய்ப் புதுச்சொற்கள் வந்தன. 1927 அக்டோபரில் ஆறு நாட்கள், மொத்தம் முப்பத்தாறு மணி நேரம், விடுதலைப் போரின் கதையை அவரே பேசினார். அந்தப் பேச்சை இன்றைய துருக்கிப் பிள்ளைகள் இன்றைய துருக்கி மொழியில் பெயர்த்துத்தான் படிக்கிறார்கள். தேசத்தின் தந்தை பேசியது பேரப்பிள்ளைகளுக்குப் புரியவில்லை, எஸ். இதை நினைக்காமல் என்னால் அவரைப் புகழ முடியவில்லை. நம் ஊரில் 1978-இல் ணை, லை, றா என்று சில எழுத்துகளைத்தான் மாற்றினோம். தாத்தா வைத்திருந்த பழைய புத்தகத்தை நீங்கள் இன்றும் எடுத்துப் படிக்கலாம்.

சில வருடங்களுக்கு முன் இஸ்தான்புல் போயிருந்தேன், கூடவே காயல்பட்டினத்து நண்பர் ஒருவர். நாங்கள் தங்கியிருந்த வீட்டுப் பெண், ஆசிரியை, உஸ்குதாரில் தன் குடும்பக் கல்லறைக்கு அழைத்துப் போனார். உச்சியில் ஃபெஸ் தொப்பி செதுக்கிய ஒரு கல், ஒரு பக்கமாகச் சாய்ந்து, பாசி படிந்து நின்றது. "என் கொள்ளுத்தாத்தா" என்றார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். "தெரியாது. வீட்டில் யாருக்கும் தெரியாது."

நண்பர் சிறுவயதில் மதரஸாவில் ஓதியவர். உட்கார்ந்து, கைக்குட்டையால் பாசியைத் துடைத்துவிட்டு, விரலை வைத்து எழுத்துக் கூட்டினார். துருக்கி மொழியில் ஒரு சொல்லும் அவருக்குத் தெரியாது. அவர் தடுமாறித் தடுமாறி ஒலியைச் சொல்லச் சொல்ல, அந்தப் பெண் அதைத் திருத்திச் சொல்லாக்கினார். கொள்ளுத்தாத்தா பெயர் வந்தது. ஹிஜ்ரி என்ற இஸ்லாமிய ஆண்டுக்கணக்கில் 1331 என்று ஆண்டும் வந்தது. கடைசி வரியில் 'ஃபாதிஹா' என்று, குர்ஆனின் முதல் அத்தியாயத்தின் பெயர், இருந்தது. அது இருவருக்குமே புரிந்தது.

அந்தப் பெண் போனை எடுத்து நீட்டினார். "இன்னொரு தடவை முதலிலிருந்து வாசியுங்கள், அம்மாவுக்கு அனுப்ப வேண்டும்" என்றார். நண்பர் தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார்.